தோட்டக்காரர் என்று சொன்னது உன் அப்பாதான்

அன்புள்ள மகனுக்கு,

பிறந்த நாளிலிருந்து உன்னைத் தம்பி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டதால், மகனே என்று எழுதும்போது வேறு யாரோ பெற்ற பிள்ளைக்கு எழுதுவதுபோல் இருக்கிறது. அதனால் தம்பி என்றே எழுதுகிறேன். நேற்று தலத்தெருவுக்குப் போய் உனக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தோம். சாயங்காலம் போனில் நீ "என்னம்மா ஆச்சு?" என்றாய். "எழுதி அனுப்புறேன், பொறுமையா படி" என்று சொல்லி வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும், வரட்டும். முடிவை முதலில் சொல்லிவிட்டால் மீதியைக் கேட்கிற ஆள் இல்லை நீ. சாப்பாட்டில்கூட அப்பளத்தை முதலில் தின்றுவிட்டு எழுந்து ஓடியவன்தானே. நான் எழுதுவதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவது உன் அப்பாவின் வேலை. அவர் வரிசை மாற்றி அனுப்பினால் அதற்கு என்னைத் திட்டாதே. கடைசிப் பக்கம் முதலில் வந்து சேர்ந்தாலும், நல்ல பிள்ளையாக அதை மூடி வைத்துவிட்டு இங்கிருந்து படி.

உனக்கு அபிநயாவைப் பிடித்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் தரகர் கொடுத்த மற்றப் படங்களையெல்லாம் அனுப்பியபோது "உங்க இஷ்டம்மா" என்று எழுதியவன், இந்தப் படத்துக்கு மட்டும் "இதை யாரு எடுத்தது? சிரிக்கிறப்ப எடுத்துட்டாங்க போல" என்று எழுதினாய். பெற்றவளுக்கு அது போதாதா? அதன் பிறகு இரண்டு தடவை, சும்மா கேட்கிற மாதிரி, "அந்த எக்ஸ்ரே எடுக்கிற பொண்ணு வீட்டுல ஏதாவது சொன்னாங்களா?" என்று விசாரித்தாய். அதனால்தான் நேற்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டே கிளம்பினேன். இதற்கு முன் பேசிய இரண்டு இடமும் எப்படிப் போயிற்று என்று உனக்கே தெரியும். பையன் பிரான்சில் இருக்கிறான் என்றபோது பொருந்திய ஜாதகம், அங்கே பூங்காவில் செடி நடுகிறான் என்றதும் பொருந்தாமல் போய்விட்டது. கிரகங்களுக்கு உன் வேலை பிடிக்கவில்லை போலிருக்கிறது. மூன்றாவது தடவையும் அப்படி ஆகி, நீ "பரவாயில்லம்மா" என்று சொல்வதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

இனி உன் அப்பாவின் திருவிளையாடலைக் கேள். தரகர் வந்து பையன் என்ன செய்கிறார் என்று கேட்டபோது நான் அடுப்படியில் இருந்தேன். உன் அப்பா ஒளிவுமறைவு தெரியாத மனிதர். "தோட்டக்காரர்" என்று சொல்லியிருக்கிறார். சொந்தப் பிள்ளையை மூன்றாம் மனிதரிடம் தோட்டக்காரன் என்று சொல்ல மனசு வராமல், மரியாதைக்கு ஒரு 'ர்' போட்டிருக்கிறார். அந்த ஒரு எழுத்து செய்த வேலையைப் பார். நம் ஊரில் கடைக்காரர் என்றால் கடைக்குச் சொந்தக்காரர். மில்லுக்காரர் என்றால் மில்லுக்குச் சொந்தக்காரர். தோட்டக்காரன் என்றால் தண்ணீர் ஊற்றுகிற ஆள், தோட்டக்காரர் என்றால் தோப்பும் துரவுமாக வாழ்கிறவர். தரகர் அதை அப்படியே தலத்தெருவுக்குக் கொண்டுபோய், பிரான்சில் பையனுக்குத் தோட்டம் இருக்கிறது என்று இறக்கி வைத்துவிட்டார். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பூவும் பழமும் வாங்கிக்கொண்டு, மழைக்குக் குடையும் எடுத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து வெள்ளந்தியாகப் போய் இறங்கினோம்.

அபிநயாவின் அப்பா சிமெண்டுக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், கொஞ்சம் கனமான குரல். அவளுக்கு அம்மா இல்லை, அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தவறிவிட்டார்களாம். அந்த இடத்தில் நின்று எல்லாம் செய்ய அவள் சித்தி மயிலாடுதுறையிலிருந்து வந்திருந்தார். கேசரி வந்தது, வாழைக்காய் பஜ்ஜி வந்தது. அபிநயா வந்து காபி கொடுத்து, "வாங்க ஆன்ட்டி, வாங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். நின்றாள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், கதவுக்கு அடியில் அவள் கால் தெரிந்தது. அவள் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"தோட்டம் ஒரே இடத்துல இருக்குங்களா, தனித்தனியா இருக்குங்களா?"

"தனித்தனியாத்தாங்க," என்றார் உன் அப்பா, பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு. "ஸ்டேஷன்கிட்ட ஒண்ணு, ஆத்தோரமா ஒண்ணு, பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்புல ஒண்ணு. ஊரு பூராவும் இருக்குங்க."

"அடேயப்பா! ஆளுங்க?"

"பத்துப் பன்னெண்டு பேரு இருப்பாங்க. எல்லாம் வெள்ளைக்காரங்க."

"வெள்ளைக்காரங்களா!" அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "என்னங்க போட்டிருக்காரு? ஆப்பிளா, திராட்சையா?"

"ஜெரானியங்க."

"ஓகோ. அது எண்ணெய் எடுக்கிறதுங்களா?"

"எண்ணெயெல்லாம் இல்லீங்க. பூக்கும்."

"பூவெல்லாம் வெளியூருக்குப் போவுதுங்களா?"

"எங்கயும் போவாதுங்க. உள்ளூர்க்காரங்களே பாத்துக்குறாங்க."

உள்ளூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று இவர் சொல்கிறார். வியாபாரத்தை உள்ளூர்க்காரர்களை விட்டே பார்த்துக்கொள்கிறார் என்று அவர் கேட்டுக்கொள்கிறார். ஒரு பொய் கிடையாது தம்பி. சொன்னது அத்தனையும் சத்தியம். ஆனால் ஒவ்வொரு சத்தியத்துக்கும் உன் தோட்டம் ஒரு வேலி நிலம் பெரிதாகிக்கொண்டே போகிறது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேசைக்கு அடியில் இவர் காலை மிதித்தேன். "ஏன் மிதிக்கிற?" என்று சபையில் வாய்விட்டுக் கேட்டார். இவரோடு முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவள் நான், எனக்குக் கோயில் கட்டினால்கூடத் தகும்.

அடுத்து அந்தச் சித்தி கேட்டார். "தோட்டத்தைப் பாக்குறதோட வேற வேலையும் உண்டுங்களா?"

"வேலை மேரியிலதாங்க. மேரிதான் சம்பளம் குடுக்குது," என்றார் உன் அப்பா.

நம் காரைக்காலில் பழைய ஆட்கள், பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில், நகராட்சியை மேரி என்று சொல்வது மயிலாடுதுறைக்காரிக்கு எப்படித் தெரியும்? அந்தம்மா முகம் சுருங்கிவிட்டது. "யாருங்க அந்த மேரி?" என்றார். "தம்பி அவங்க வீட்டுலயா தங்கியிருக்காரு?"

"இல்லீங்க, வீடு தனி. தெனமும் காலையில மேரிக்குப் போயி கையெழுத்துப் போட்டுட்டுதான் எங்கயும் போவான். நேரமானா விடாது. ரொம்பக் கண்டிப்பு."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது பார். படத்தில் நீ பார்த்த சிரிப்பு சத்தத்தோடு வந்தால் எப்படி இருக்குமோ அப்படி. அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கு வழியாக வெடித்த சிரிப்பு. அவள் காரைக்கால் பெண், அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் அப்பாவும் சிரித்துவிட்டார். "ஏம்மா, மேரின்னா முனிசிபாலிட்டி" என்று மைத்துனிக்கு விளக்கினார். விளக்கி முடிக்கும்போது அவர் சிரிப்பு நின்றது. கணக்கு எங்கேயோ இடிக்கிறது என்று அவருக்குப் பட்டுவிட்டது. ஆனாலும் நாகரிகமான மனிதர், எனக்கு வழியும் அவரே எடுத்துக் கொடுத்தார். "அப்ப முனிசிபாலிட்டி வேலை தனி, தோட்டம் தனி, அப்படித்தானுங்களே?" என்றார்.

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நேற்றே தட்டு மாற்றியிருப்பார்கள். உன் அப்பா என்னைப் பார்க்கிறார், என்ன தப்பு நடந்தது என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை. என் கண் முன்னால் நீ எழுதிய அந்த வரிதான் நின்றது, சிரிக்கிறப்ப எடுத்துட்டாங்க போல என்று. ஆமாம் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். நினைக்கவே இல்லை என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அப்படிச் சொல்லி அந்தப் பெண்ணை விமானம் ஏற்றி, அவள் அங்கே வந்து இறங்கி, எங்கே தோட்டம் என்று உன்னைக் கேட்டால், நீ மண் படிந்த கையோடு என்ன முகத்தை வைத்துக்கொள்வாய்?

"இல்லீங்க," என்றேன். "தோட்டமெல்லாம் முனிசிபாலிட்டியோடது. எங்க பையன் அதுல தோட்ட வேலை பாக்குறான். தோட்டக்காரன்." அந்த 'ன்'னை அழுத்தியே சொன்னேன்.

வெளியே மழை வலுத்தது. உன் அப்பா மெதுவாகப் பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். சித்திதான் முதலில் வாயைத் திறந்தார். "அக்ரிகல்ச்சர் படிச்சிட்டு, மண்வெட்டி புடிக்கவா பிரான்சுக்குப் போனாரு?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அக்கா மகளுக்கு நல்லது நடக்கவேண்டுமே என்கிற பதைப்பு. ஆனால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "ஏங்க, சோறு திங்கிறவங்க மண்வெட்டியைக் கேவலமா பேசலாமா? எங்க வீட்டுக்காரர் கோட்டுச்சேரியில நேத்து வரைக்கும் வயல்ல நின்னவரு" என்றேன். அவர் விடவில்லை. "அதுக்கில்லீங்க. நெல்லுன்னா சோறு. இது பூவு. அதைத் தலையில வைக்கலாங்களா?" என்றார்.

"வைக்க முடியாதுங்க. பறிச்சா இதழ் உதிர்ந்துரும்."

"சாமிக்கு?"

"கட்ட வராது."

"அப்ப எதுக்குங்க அது?"

தம்பி, இந்தக் கேள்வியைத்தான் நானும் போன வருஷம் உன் ஊருக்கு வந்து இறங்கிய முதல் வாரம் உன்னிடம் கேட்டேன். ஜன்னல் தொட்டிகளில் சிவப்பாகப் பூத்திருந்ததைக் காட்டி, இதுதானே உன் ஜெரானியம் என்றதற்கு, அது வேற ஜாதி, பனி பட்டால் செத்துப்போகும், என்னுடையது தரையில் படர்ந்து பனியைத் தாங்கும் என்று அரை மணி நேரம் வகுப்பு எடுத்தாய். ஓராண்டுச் செடி, ஈராண்டுச் செடி, பல்லாண்டுச் செடி என்று புத்தகத்தைப் பிரித்தாய். கல்யாண மேடையில் வாழ்த்துகிற பல்லாண்டு செடிக்கு எப்படி வந்தது என்று நான் கேட்டதும் உனக்குச் சிரிப்பு வந்து வகுப்பு கலைந்தது. காய் கொக்கின் மூக்கு மாதிரி நீண்டிருப்பதைக் காட்டினாய். அது காய்ந்து முற்றினால் விதையைத் தானே சுண்டி எறியும் என்று சொன்னதை நான் நம்பாமல், காத்திருந்து, என் கன்னத்திலேயே ஒன்று வந்து விழுந்தபோது நாம் இரண்டு பேரும் சிரித்தோமே. இதையெல்லாம் அந்தச் சித்திக்கு எப்படிச் சொல்வது? அதனால் கண்ணால் பார்த்ததைச் சொன்னேன்.

ஆற்றோரப் பூங்காவில் பெரிய மரங்களுக்கு அடியில் ஒன்றுமே முளைக்காமல் கட்டாந்தரையாகக் கிடந்த இடத்தைச் சொன்னேன். மேலே நிழல், கீழே மரத்தின் வேர் தண்ணீரையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும், புல்கூட வராத அந்த இடத்துக்கு நீ தேடிப்பிடித்து ஒரு ரகம் வைத்து, முதல் கோடை மட்டும் குடம் குடமாகத் தண்ணீர் காட்டி, பிறகு அதன் பாட்டுக்கு விட்டாய் என்று சொன்னேன். நான் வந்தபோது பாய் விரித்தாற்போல் ஊதா பூத்துக் கிடந்தது. நான் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். தினமும் ஒரு வெள்ளைக்காரக் கிழவி வந்து பக்கத்தில் உட்காருவாள், அவளும் பூவைப் பார்ப்பாள். அவள் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவளுக்குப் புரியாது. பிறகு ஒரு நாள் நீ பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு வந்து அத்தனை செடியையும் தரையோடு தரையாக வெட்டினாயே, அன்றைக்கு மட்டும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பாஷையில் "ச்சு, ச்சு" என்று சொன்னோம். பூத்த செடியில் கத்தி வைக்கிறானே பாவி என்று எனக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்து உன்னோடு பேசவில்லை, ராத்திரிக்கு உப்புமாதான் கிண்டிப் போட்டேன்.

அது மொட்டை போடுவது மாதிரிதான் என்று நீ சமாதானம் சொன்னாய். உனக்கு நினைவிருக்கிறதா, கோயிலில் உனக்கு மொட்டை போட்ட நாள்? முதல் கற்றை முடி மடியில் விழுந்ததும் "திரும்ப வருமா? திரும்ப வருமா?" என்று ஊரைக் கூட்டினாய். நான் சாக்லேட் காட்டினேன், அதட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. உன் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் போடுங்க" என்று தலையைக் குனிந்தார். அவருக்கு வேண்டுதல் எதுவும் கிடையாது. நீ அழுகையை நிறுத்திவிட்டு அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு ஒரு மாதம் தினமும் காலையில் அவர் தலையைத் தடவி, முள் முளைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பல் விளக்கப் போவாய். கல்யாணம் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் அந்தக் காட்சியைத்தான் சொல்வேன். பக்கத்தில் இருப்பவர் பயந்துபோய்க் கேட்கும்போது விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காமல், நாமும் கூட உட்கார்ந்துவிடுவது. சபையில் எந்த மனிதரின் காலை மிதித்தேனோ அவரிடம் கற்றுக்கொண்டது இது.

நான் பேசிக்கொண்டே போனதில், அபிநயா கதவுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. "வெட்டினது திரும்ப வந்துச்சா ஆன்ட்டி?" என்று கேட்டாள். போனை எடுத்துக் காட்டினேன். நீ மண்ணில் மண்டியிட்டு வெட்டுகிறாய், பின்னால் என் குரல் திட்டுகிறது, நீ திரும்பிப் பார்த்து "மூணு வாரம் பொறும்மா" என்று சிரிக்கிறாய், அந்த வீடியோ. அதை ஒரு தடவை பார்த்தாள். மறுபடியும் ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். அதற்கு அடுத்த படம், மூன்று வாரம் கழித்து எடுத்தது. புது இலை அடர்த்தியாக வந்து, அங்கங்கே பூவும் வைத்து, அந்தக் கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அபிநயா அதைப் பெரிதாக்கி, பூவை, இலையை, மண்ணை என்று எக்ஸ்ரே பார்க்கிற மாதிரி நுணுகிப் பார்த்தாள்.

"பனிக்காலத்துல என்ன ஆவும்?"

"மேல எல்லாம் காஞ்சு ஒண்ணுமில்லாம போயிரும்மா. மண்ணுக்குள்ள மட்டும் உசுரு இருக்கும். பாக்கிறவங்களுக்கு வெறும் தரைதான் தெரியும்."

"அப்ப அந்த மாசமெல்லாம் அவரு என்ன பண்ணுவாரு?"

பார், அவள் அப்பாவும் சித்தியும் கேட்காத கேள்வி. பூக்கிறபோது நீ என்ன செய்வாய் என்று அவள் கேட்கவில்லை. நான் யோசித்தேன். நீ சொன்னது நினைவுக்கு வந்தது. "குச்சி நட்டு வைப்பாம்மா," என்றேன். "எங்கெங்க செடி தூங்குதோ அங்கங்க ஒரு சின்னக் குச்சி. கண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுல்ல, யாராவது மிதிச்சிருவாங்க, இல்லாட்டி வேற எதையாவது நடுறேன்னு தோண்டிருவாங்க. அதுக்கு. மொத வருஷம் அவனே அவசரப்பட்டு, உசுரு இருக்கா இல்லையான்னு தோண்டிப் பாத்து முளையை ஒடிச்சிட்டானாம். இப்ப தோண்டுறதில்ல. குச்சியைச் சுத்திக்கிட்டுப் போவான்."

 போனை என்னிடம் கொடுத்துவிட்டு, காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கோ, நல்லது சொல்கிறேன் என்று நீ செடியை ஒடித்த கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. அவள் அப்பா எழுந்து நின்று கைகூப்பினார். "ரொம்ப சந்தோசங்க. வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்றார்.

கலந்து பேசிச் சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று காரைக்கால் முழுவதற்கும் தெரியும். அதற்கு முன் இரண்டு வீட்டிலும் இதே வார்த்தைதான். கலந்தும் பேசமாட்டார்கள், சொல்லியும் அனுப்பமாட்டார்கள். உன் அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் எழுந்து துண்டைச் சரிசெய்துகொண்டு, "வரோங்க" என்றார்.  நான் பையை எடுத்துக்கொண்டேன். உனக்கு என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் வார்த்தை கோத்துக்கொண்டே வாசலுக்கு வந்தேன். மழை விட்டிருந்தது, வாசற்படியெல்லாம் ஈரம். உன் அப்பா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நான் முதல் படியில் கால் வைத்தேன்.

"அத்தை, பாத்து எறங்குங்க. படி வழுக்கும்."

திரும்பிப் பார்த்தேன். அபிநயா நிலைப்படியில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். காபி கொடுத்ததிலிருந்து ஆன்ட்டி, ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆன்ட்டி என்று எதிர்வீட்டுக்காரியையும் கூப்பிடலாம், பஸ்ஸில் இடம் கொடுத்தவளையும் கூப்பிடலாம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவளை, அப்பாவும் சித்தியும் நிற்கும்போது, அத்தை என்று ஒரு பெண் கூப்பிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வாய் தவறி வந்துவிட்டதோ என்று எனக்கே சந்தேகம். அவள் அப்பா அவளையே பார்க்கிறார். சித்தி வாயில் கையை வைத்துக்கொண்டார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை தம்பி. என்னைப் பார்த்தபடியே, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படியாக, "புடிச்சுக்கங்க அத்தை" என்று கையை நீட்டினாள்.

அந்த ஒரே படியை இறங்க நான் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் என்று உன் அப்பா இன்னும் கேலி செய்கிறார்.  அவள் அப்பா மகள் முகத்தில் என்ன படித்தாரோ, பெருமூச்சு விட்டு, சிரித்து, உன் அப்பாவின் தோளில் கையைப் போட்டு, "உள்ள வாங்க சம்பந்தி. இன்னொரு காபி குடிச்சிட்டுப் போவலாம்" என்றார். உன் அப்பாவுக்கு அப்போதும் முழுசாகப் புரியவில்லை. "இப்பதானே குடிச்சோம்" என்றார். ஆட்டோவில் ஏறிய பிறகு நான் விளக்கிச் சொன்னேன். கோட்டுச்சேரி வருகிறவரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார், மழைச்சாரல் என்று ஆட்டோக்காரரிடம் சொன்னார். மழைதான் விட்டுவிட்டதே.

தம்பி, உனக்குப் புத்தி சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. ஒரு வெறும் தரையில் நீ நட்டு வைத்த குச்சியை நம்பி ஒரு பெண் கடல் தாண்டி வரப்போகிறாள். அம்மா இல்லாமல் வளர்ந்தவள். அவள் பேசாமல் இருக்கிற மாதங்கள் வரும், உன் வீட்டு ஜன்னலில் நின்று நம் ஊர் மழையை நினைத்துக்கொண்டிருக்கிற நாட்கள் வரும். அப்போது என்ன, என்ன என்று தோண்டாதே. மிதிக்காமல் சுற்றிப்போ. உனக்குத் தெரிந்த வேலைதான்.

அவள் நம்பரைச் சம்பந்தியே உன் அப்பாவிடம் கொடுத்தார், உனக்கு அனுப்பியாயிற்று. முதல் வார்த்தை என்ன பேசுவது என்று தவிக்காதே. அவளுக்கு உன்னைப் பற்றி எல்லாம் தெரியும், தோட்டக்காரன் என்று தெரிந்துதான் என்னை அத்தை என்று கூப்பிட்டாள். அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்பதை நீ பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அத்தை.

(நேற்றிலிருந்து எனக்கு இந்தப் பெயர்தான். உனக்கு மட்டும் பழையபடி அம்மா.)